சிவப்புப் பை வருது

"சிவப்புப் பை இப்பத்தான் திரும்புது. தனியாத்தான் வருது."

சலூன் வாசலில் நின்று போனில் இப்படிச் சொன்னவனுக்குக் கழுத்துவரை பச்சை குத்தியிருந்தது. டீச்சர் முன்னும் பின்னும் பார்த்தாள். தெருவில் வேறு ஆளே இல்லை. சிவப்புப் பை அவள் தோளில்தான் தொங்கியது.

மத்தியானம் மூன்று மணி. பழைய ஆலைகளுக்கு நடுவே போகும் அந்தத் தெருவில் ஒரு சுவரைக்கூட வெள்ளையாக விட்டுவைக்கவில்லை. ஆள் உயரக் கண்கள், இறக்கை முளைத்த மீன்கள், இன்னதென்று சொல்ல முடியாத சமாச்சாரங்கள். ஓடாத பஸ் ஒன்றில் யாரோ குடித்தனமே நடத்தினார்கள், ஜன்னலில் துணி காய்ந்தது. கடைகளில் முக்கால்வாசி ஷட்டரை இறக்கிக் கிடந்தன.

இந்தச் சுவர்களைப் பார்க்க ஆசைப்பட்டது அவள் கணவர். லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டே காலம் போய், போன வருடம் கண்ணை மூடிவிட்டார். "நானாவது பாத்துட்டு வரேன்" என்று அவள் கிளம்பியபோது அண்ணன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான்.

கடைசியில் இறங்கி வந்து மூன்று கட்டளை போட்டான். இருட்டுவதற்குள் ரூமுக்குத் திரும்பிவிட வேண்டும். எவனாவது பின்னால் வந்தால் பெண்கள் இருக்கும் கடையாகப் பார்த்து நுழைந்துவிட வேண்டும். யாரையும் நம்பக் கூடாது. ரெண்டாவதும் மூணாவதும் ஒத்துவரலையே என்று கேட்டதற்கு முறைத்தான்.

டீச்சர் நடையை எட்டிப் போட்டாள். சைக்கிள் கடையில், தலைமுடிக்குப் பச்சைச் சாயம் அடித்த ஒருவன் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாத்திவைத்துவிட்டு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். போனை எடுத்தான்.

"தாண்டிட்டா. உன் பக்கம்தான் வரா. நீ பாத்துக்க."

நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குபவளுக்குத் தன் இரண்டு கால்களை அடக்க முடியவில்லை. ஓடினாள்.

சந்து முனையில் சலவைக்கடை திறந்திருந்தது. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, ஹோட்டல் விரிப்புகளின் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து தலையணை உறையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினாள்.

"ஆளுங்க என்னைத் துரத்துறாங்கம்மா! கொஞ்ச நேரம் இங்க இருந்துக்கறேன்!"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. நாடா கட்டிக் கழுத்திலேயே மாட்டியிருந்தாள். முதல் மணி முடிவதற்குள், நுரை வழியும் கையாலேயே எடுத்துவிட்டாள்.

"வந்துட்டா. உள்ளதான் இருக்கா. கதவையும் சாத்தியாச்சு."

டீச்சருக்கு உயிர் போய் உயிர் வந்தது என்று சொல்வதற்கில்லை. போன உயிர் வரவேயில்லை. மேசைமேல் இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"கிட்ட வந்தீங்க, மூஞ்சியிலயே வெச்சிடுவேன்!"

"கீழ வைம்மா, சூடு" என்றாள் சலவைக்கார அம்மா. "உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. தனியா வர பொண்ணுங்க இந்தத் தெருவைத் தாண்டுற வரைக்கும் கடைக்குக் கடை போன் பண்ணிப் பாத்துக்கறோம். அவ்வளவுதான்."

"அதை வாயைத் திறந்து சொன்னா என்னவாம்? பாதி உசுரு போயிடுச்சு!"

"சொல்லிப் பாத்தோம். சலூன்காரன் மூஞ்சியைப் பாத்துட்டு ஒரு பொண்ணு போலீசுக்கே போன் போட்டுட்டா."

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பட்டப்பகல்ல எதுக்கும்மா காவல்? இருட்டினப்புறம்னா சரி."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. இது பாட்டும் ஆட்டமுமா விடிய விடிய முழிச்சிருக்கிற தெரு. ராத்திரி கொழந்தைகூட பயமில்லாம நடந்து போகலாம். மத்தியானம்தான் எல்லாரும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாங்க. கத்தினாலும் ஏன்னு கேக்க நாதி இருக்காது."

அவள் ஒரு விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். குரல் இறங்கியது.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தி வந்தா. இருபத்திரண்டு வயசு. உன்னை மாதிரியே தனியா, சுவரையெல்லாம் போட்டோ எடுத்துக்கிட்டு. எவனோ ஒருத்தன் அவ பின்னாடியே போறதைச் சைக்கிள் கடைக்காரன் பாத்துட்டான். அவனால ஓட முடியாது. கத்தினான், அவ காதுல பாட்டு மாட்டியிருந்தா. தெரிஞ்ச ஒருத்தருக்குப் போன் அடிச்சான். ஏழு தடவை அடிச்சான். எடுக்கல."

"அப்புறம்?"

"சாயங்காலம் கடை தொறக்க வந்தவங்கதான் பாத்தாங்க. இந்தச் சந்துலதான் கெடந்தா. உடம்பு சில்லுனு ஆயிருந்துச்சு."

விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் பாட்டுக்கு இறங்கியது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

துணையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த அழுகை புரிந்தது. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தாள் டீச்சர். இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, அந்த ஈரக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பொண்ணாம்மா?"

அவள் மெல்லக் கையை உருவிக்கொண்டாள்.

"இல்லம்மா. அன்னிக்குப் போன் அடிக்க அடிக்கத் தூங்கிட்டிருந்தவ நான்தான்."