சமர்த்தா இரு

துளை போடும் மெஷின் மக்கர் பண்ணாமல் இருக்க, பச்சை உறை போட்ட சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றை அதன்மேல் வைப்பது தைவானில் வழக்கம். உறையில் ‘சமர்த்தா இரு’ என்று எழுதுவோம். தேதி முடிந்த பொட்டலம் ஆகாது.

என் மண்சரிவு ஆய்வுக்காக மலையில் துளை போட்டோம். நாற்பது மீட்டர் ஆழத்திலிருந்து வந்த பாறை உருளையை உடைத்தபோது, நடுவில் பச்சை உறைத் துண்டு ஒன்று இருந்தது. ‘சமர்த்தா’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. எங்கள் யாருடைய கையெழுத்தும் அல்ல. தேதி, அடுத்த ஆண்டு மே.

“மேலேருந்து விழுந்திருக்கும்,” என்றார் பேராசிரியர் ஷ்யூ.

“பாறைக்குள்ள இருக்கு சார். நம்ம பொட்டலம் முழுசா மேலதான் இருக்கு. அதுல டிசம்பர்னு போட்டிருக்கு,” என்றேன்.

“மலை நகருதுன்னு அரசாங்கத்துக்கு ரெண்டு தடவை எழுதிக் குடுத்தோம். அதையே யாரும் படிக்கலை. இதைப் படிப்பாங்களா?”

கீழே பாய்ஹானின் ஊர் தெரிந்தது. அவன் எங்கள் துறையில் எனக்கு இளைய மாணவன்; துளை போட எங்களோடு வந்திருந்தான்.

“காலி பண்ணச் சொன்னேன்க்கா. ‘உன் படிப்பை மலைகிட்ட போய்ச் சொல்லு’ன்னு அம்மா சிரிக்கிறாங்க.”

டிசம்பர் முடிந்ததும் அவனே புதுப் பொட்டலம் வாங்கிவந்தான்.

“மே வரைக்கும் கவலையில்ல. நீங்களே எழுதுங்கக்கா. உங்க எழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும்.”

மறுக்க என்னிடம் காரணம் இல்லை. எழுதினேன். உப்பிய உறை நழுவியதில் எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன.

பேராசிரியர் பாறைக்குள் கிடைத்த துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை வாங்கி மெஷின்மேல் வைத்தார். அன்று அது ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது.