இருபதுக்குப் பத்தொன்பது

ஷட்டில் மேலே இருக்கும்போதே இவள் கத்திவிட்டாள்.

"விட்ரு!"

வலைக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா மட்டையைத் தாழ்த்தினாள்.

ஷட்டில் கடைசிக் கோட்டில் விழுந்தது. கோட்டைத் தாண்டி அல்ல. கோட்டின் மேலேயே. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் உள்ளே என்று கைகாட்டினார்.

மூன்றாவது ஆட்டம். இருபதுக்குப் பத்தொன்பது. இந்தப் புள்ளியோடு முடிந்தது. மாநிலத்திலிருந்து ஒரு ஜோடிக்குத்தான் தேசிய முகாமில் இடம். இவளும் மஹதியும் அங்கே போகலாம். ஜெசிந்தாவும் அவளுடைய ஜோடிப் பெண்ணும் வீட்டுக்குப் போகலாம்.

மஹதி துள்ளிக் குதித்தாள்.

இவள் அசையவில்லை. தன் வாயிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்ததா என்று திகைத்து நின்றாள்.

எதிராளிக்குப் போய் யாராவது விட்ரு என்று சொல்வார்களா? பைத்தியம்கூடச் சொல்லாது.

ஆறு வருடம் ஜெசிந்தாவுக்குச் சொன்ன வாய் அது.

தூத்துக்குடியில், பன்னிரண்டு வயதில், இருவரையும் ஒரே பக்கம் நிறுத்தினார்கள். ஜெசிந்தாவிடம் அடி உண்டு, அளவு தெரியாது. கோட்டுக்கு ஒரு முழம் வெளியே போவதையும் பாய்ந்து அடித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஜெசிந்தா ஷட்டிலைப் பார்ப்பாள். இவள் கோட்டைப் பார்ப்பாள். வெளியே போகிறதென்றால் இவள் ஒரு குரல் கொடுப்பாள். ஜெசிந்தா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

மட்டை இறங்கிவிடும்.

ஒரு தடவைகூட இவள் கண் தப்பியதில்லை.

பிறகு இருவருக்கும் சென்னை அகாடமியில் இடம் கிடைத்தது. ரெண்டு பேருமே குட்டை, உயரமான ஒருத்தியோடு ஆடினால் நீ மேலே போகலாம் என்று கோச் இவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தலையாட்டினாள். பதினெட்டு வயதில் வேறென்ன செய்வாள் என்று கேட்கலாம்.

ஜெசிந்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது நாள் ஓட்டினாள். பத்தாம் நாள் கோவைப் போட்டிக்கான பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். இவள் பெயருக்குப் பக்கத்தில் மஹதியின் பெயர் இருந்தது. ஜெசிந்தா சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அதோடு பேச்சு நின்றது. எட்டு மாதம்.

மஹதிக்கு யாரும் குரல் கொடுக்க வேண்டியதில்லை. "கத்தாதப்பா, எனக்கே தெரியும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரியவும் தெரியும். கேட்க ஆளில்லாமல் அந்தச் சொல் எட்டு மாதமாக இவள் தொண்டையிலேயே கிடந்தது.

இன்று, அந்தக் கடைசிப் புள்ளியில், இவள் தூக்கி அடித்த ஷட்டில் நீளமாகப் போனது. அதன் அடியில் ஜெசிந்தா அண்ணாந்து நின்றாள். கண் முழுக்க ஷட்டிலில்.

ஐயோ, வெளியே போவதை அடிக்கப்போகிறாளே.

அவ்வளவுதான் நினைத்தாள். தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது நினைவிலேயே இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய கோடு, எதிரிலிருந்து பார்த்ததில் கொஞ்சம் தப்பிப்போனது.

ஜெசிந்தாவின் ஜோடிப் பெண் நடுவரின் நாற்காலிக்கு ஓடினாள். "சார், அவங்க கத்துனாங்க சார்! ஏமாத்துறாங்க!"

நடுவர் குனிந்து இவளைப் பார்த்தார்.

"வேணும்னே கத்துனியாம்மா?"

வேண்டுமென்றே எதிராளியைக் குழப்பியிருந்தால் புள்ளி பறிபோகும். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் இருபதுக்கு இருபது. ஜெசிந்தாவுக்கு இன்னொரு வாய்ப்பு. இவளுக்கு ஏமாற்றுக்காரி என்ற பெயர், ஒரு பாவமும் அறியாத மஹதிக்கும் சேர்த்து. இல்லை என்பதுதான் உண்மை. அதை ஜெசிந்தா நம்புவாளா? விடுதியில் பக்கத்து அறையில் இருந்துகொண்டே ஒன்பது நாள் வாயைத் திறக்காதவளை அவள் ஏன் நம்ப வேண்டும்?

பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"இல்ல சார்."

ஜெசிந்தாதான் சொன்னாள். மட்டையின் நரம்புகளை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அவ ஏமாத்தல. எனக்குத்தான் சொன்னா."

நடுவருக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிய வேண்டிய அவசியமும் இல்லை. புள்ளி செல்லும் என்று அறிவித்தார். ஜோடிப் பெண் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வலையருகே கை குலுக்க வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் அது வழக்கம்.

ஜெசிந்தாவின் கை வியர்த்திருந்தது. தொட்டதும் இவளுக்கு அடக்க முடியவில்லை. ஜெயித்த பெண் அழுவதை எல்லோரும் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள். யாரோ படம்கூடப் பிடித்தார்கள்.

"ஜெசி, நான் நெசமாவே..."

"தெரியும்."

ஜெசிந்தாவின் குரலும் உடைந்துதான் இருந்தது.

"இனிமே எனக்குச் சொல்லாதடி."

கையை விடுவித்துக்கொண்டு, மஹதிக்குக் கை கொடுக்க நகர்ந்தாள்.