கிழக்கு எல்லை

போர்ட் பிளேரிலிருந்து பேசிய மருமகள் கீர்த்தனா போனை வைத்த பிறகும், கனகமாலா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மகன் அஜிதனுக்கு மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது. பெரிய நிக்கோபார் தீவிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நினைவு வரும்போதெல்லாம் அம்மாவைத்தான் கேட்கிறானாம். இரண்டு நாள் தாங்கினாலே பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காலையில் சென்னையிலிருந்து விமானம். கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டம் ரோட்டை அடைப்பதற்குள் தங்கள் ஊரான வேங்கிக்காலை விட்டுக் கிளம்பினால் பிடித்துவிடலாம்.

ஆனால் கனகமாலாவின் விரதம் ஊரறிந்தது.

ஜைனர்களில் சிலர் திசைக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்வார்கள். தலை போகிற காரியமானாலும் அதைத் தாண்டிக் கால் வைக்க மாட்டார்கள்.

அஜிதனுக்கு அந்தத் தீவில் வாத்தியார் வேலை கிடைத்தபோது போகவே கூடாது என்று மறித்தாள். சுனாமியில் அந்தத் தீவின் தென்முனையே கடலுக்குள் இறங்கிப்போனதையும், கலங்கரை விளக்கம் தண்ணீரில் நின்றதையும் டிவியில் பார்த்தவள் அவள். பழைய பட்டாளத்துக்காரர்களைக் குடிவைத்த ஊர், மிச்சமெல்லாம் காடு, போர்ட் பிளேரிலிருந்தே கப்பலில் இரண்டு நாள் என்று அவன் ஆசையாகச் சொல்லச் சொல்ல அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தரையே நிலைக்காத இடத்தில் இவனுக்கு என்ன வேலை?

அழுதாள், பட்டினி கிடந்தாள். கடைசியில் ஊர் ஜினாலயத்துக்குத் தனியாகப் போய்வந்து, முனிவர் முன்னால் விரதம் ஏற்றுவிட்டதாகச் சொன்னாள். கிழக்கே கடற்கரைதான் எல்லை. அங்கே அவனுக்கு என்ன ஆனாலும் அம்மா வர முடியாது.

பெற்றவள் பிடிவாதத்துக்குப் பிள்ளை பிடிவாதம் இளைத்ததா என்ன, அவன் போயே போய்விட்டான். பட்டாளத்துக்காரர் ஒருவரின் பேத்தியை அங்கேயே கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு இவள் போகவில்லை. முட்டி வலி என்று அவள் கணவர் அனந்தநாதனும் போகவில்லை. ஊர்ப் பெண்கள் அவளைக் கண்டால் கைகூப்பினார்கள்.

இப்போது அனந்தநாதன் கட்டிலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களாவது கிளம்புங்கள் என்றாள். அவர் அசையவில்லை. பெற்ற பிள்ளையை விட முட்டி பெரிதா என்று சீறினாள்.

“முட்டி வலியெல்லாம் இல்ல கனகா. நீ விரதம் எடுத்துக்கினு வந்த மறுவாரமே நானும் சாமி முன்னால நின்னு அதே எல்லைய ஏத்துக்கினேன். புள்ளைய விட்டுட்டு நீ மட்டும் தனியா தவிக்கிறது மனசு கேக்கல. சொன்னா வேணாம்பே, அதான் சொல்லல.”

கனகமாலாவுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

பீரோவைத் திறந்து நாலு புடவையை எடுத்துப் பையில் திணித்தாள். அவர் பதறிப்போய் எழுந்து, விரதம் என்னாவது என்று கேட்டார்.

“அன்னிக்கு முனிவர் ஊர்லயே இல்லைங்க. நான் எந்த விரதமும் எடுக்கல.”

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, விமான நிலையம் வரைக்கும் கூட வருவதாகச் சொன்னார். அதற்கு அப்பால் அவரால் வர முடியாது. அவர் எடுத்தது நிஜமான விரதம்.