எல்லா சர்வருக்கும் ஒரே கட்டளை

தூரத்து ஊர்களில் இருக்கும் சர்வர் கணினிகளையெல்லாம் ஒரே கட்டளையில் வேலை வாங்கும் நிரலை எழுதியதிலிருந்து எங்கள் மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொன்றாகக் கவனித்துவந்த எங்களை "மாடு மேய்க்கிறவங்க" என்பார்.

அன்று மதியம், "யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கட்டளை அனுப்பினார். எல்லா சர்வர்களும் பதில் சொல்லின. அவர் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போன பழைய சர்வரும் சொன்னது.

"சார், அது உங்க வீட்டு வாசல்ல செருப்பு வைக்கிற பெட்டியாச்சே?" என்றேன்.

"வயரே இல்லாத டப்பா அது. செத்தது பேசுதாக்கும்!" என்று இளக்காரமாகச் சிரித்தவர், அதை மட்டும் அணைந்துபோகச் சொன்னார். "சரி" என்று பதில் வந்தது.

உடனே அவர் மனைவி அழைத்தார். மேலாளர் வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, செருப்புப் பெட்டி எப்பவும் கதகதன்னு இருக்கும், இப்ப ஜில்லுன்னு கிடக்கு. எதைத் தொட்டாலும் கெடுத்துருவீங்களே! பசங்களோட ஈர ஷூவை இனிமே எங்க காயவைக்கிறது?"