சொல்லாத நம்பர்

"கட்டின புருஷனுக்கே தெரியாம ஒரு நம்பரா? ரொம்ப நல்லாயிருக்குடா தம்பி உன் குடித்தனம்!"

தொட்டியத்திலிருந்து ஒரு சீப்பு பூவன் பழத்தோடு பஸ் ஏறி வந்த மயிலம்மாள், மூச்சு வாங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி சித்தார்த்தனுக்கு இதெல்லாம் காதில் விழுந்தால்தானே? மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். ஞாயிறு சாயங்காலம் ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டு மொட்டை மாடியில் பாயை விரித்துவிட்டால், மனுஷன் வேறு உலகத்தில் இருப்பான்.

"அதை விடுக்கா. இங்க பாரு, இதுதான் நாம கட்டப்போற வீடு. மாடியில ஒரே ஒரு ரூம். தெற்கே ஒரு ஜன்னல். ராத்திரி படுத்துக்கிட்டே மலைக்கோட்டை விளக்கைப் பார்க்கலாம்."

பட்டுப்புடவையை உதறி விரிப்பது மாதிரி கையை வீசினான். கொள்ளிடத்துக் காற்று சிலுசிலுவென்று வந்தது. மயிலம்மாளுக்கே ஒரு நிமிஷம் அந்த ஜன்னல் தெரிந்தது.

சட்டென்று சுதாரித்துக்கொண்டாள்.

"வீடு சரி. பணம்?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து அனுசுயா அக்கவுண்ட்லதான் போடுறோம். என் சம்பளம், அவ தில்லை நகர் கிளினிக்ல வாங்குறது, எல்லாமே."

"எவ்வளவு சேர்ந்திருக்கு?"

"தெரியாதுக்கா. ஆடி மாசத்திலேர்ந்து போனைப் பூட்டி வச்சிருக்கா. நம்பர் கேட்டா சிரிக்கிறா. கொள்ளிடக் கரையில அருமையா ஒரு மனை வந்துச்சு. அட்வான்ஸ் கொடுப்போம்னேன். 'இப்ப வேண்டாங்க'ன்னுட்டா."

"அம்மா வீட்டுக்குக் கடத்துறாளோ என்னவோ! இரு, நான் கேக்குறேன்."

கீழே அனுசுயா அப்போதுதான் கிளினிக்கிலிருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் டீ போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

"வாங்க அண்ணி. எப்ப வந்தீங்க?"

"அது கிடக்கட்டும். என் தம்பி உழைச்ச காசு எங்கே? இப்பவே காட்டு."

அனுசுயா அடுப்பை அணைத்தாள். போனைத் திறந்து நீட்டினாள்.

மயிலம்மாள் அக்கவுண்ட்டில் இருந்த தொகையை இரண்டு தடவை படித்தாள். ஒரு மாதச் சம்பளம்கூடத் தேறாது போலிருந்தது.

"அடிப்பாவி! எங்கடி போச்சு?"

"மெதுவா பேசுங்க அண்ணி. ஆடியில யாரோ ஏமாத்தி எடுத்துட்டாங்க. பேங்க்ல சொன்னேன், போலீஸ்லயும் எழுதிக் கொடுத்தேன். இதுவரைக்கும் வரலை."

"மெசேஜ்ல வர்ற நம்பரை எவன் கேட்டாலும் சொல்லாதேன்னு எங்க மகளிர் குழுவிலகூடத் தலைபாடா அடிச்சுக்கிறாங்க. படிச்ச பொண்ணு, உனக்குப் புத்தி எங்க போச்சு?"

அனுசுயா தலை குனிந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமையும் போயி, மறுபடியும் சேத்துக்கிட்டிருக்கேன் அண்ணி. போன அளவுக்குச் சேர்ந்ததும் நானே அவர்கிட்ட சொல்லிடுறேன். அதுவரைக்கும் நீங்க சொல்லிடாதீங்க. தாங்கமாட்டார்."

"மறைக்கவா சொல்ற? செய்யுறதையும் செஞ்சுட்டு!"

மயிலம்மாள் தடதடவென்று மாடி ஏறினாள். நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விற்கிற தம்பி. ஒரு ஜன்னலுக்காக ஏங்குகிற தம்பி.

"தம்பி, உன் பொண்டாட்டி என்ன காரியம் பண்ணியிருக்கா தெரியுமா?"

சித்தார்த்தன் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பக்கூட இல்லை.

"திட்டிட்டியா? பாவம்க்கா அவ. பேங்க் விஷயமெல்லாம் அவளுக்குச் சரியா புரியாது. இந்த ஆடியில என்னாச்சு தெரியுமா? அவ குளிச்சிட்டிருந்தா. பேங்க்லேர்ந்து போன் வந்துச்சு, அக்கவுண்ட்டை முடக்கப் போறோம்னு. நான் மட்டும் சமயத்துல அவ போனை எடுத்து, மெசேஜ்ல வந்த நம்பரைப் படிச்சுச் சொல்லலைன்னா என்னாகியிருக்கும்? சேத்த பணம் அத்தனையும் போயிருக்கும்க்கா!"

மயிலம்மாள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

படிக்கட்டில் டீ டம்ளர்களோடு அனுசுயா. கண்ணில் நீர் கோத்திருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"என்னமோ சொல்ல வந்தியேக்கா?"

மயிலம்மாள் பாயில் தம்பி பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமில்லடா. இனிமே அவகிட்ட அந்த நம்பரைக் கேக்காதே. அப்புறம்... அந்தத் தெற்கு ஜன்னலை இன்னும் கொஞ்சம் பெரிசா வை. அனுசுயாவும் பக்கத்துல உக்காந்து பார்க்கணும்ல?"