கருகிய புள்ளி

லேசர் என்ற சொல்லையே சேஷையா அன்றுதான் கேட்டார். மயக்க மருந்து கொடுக்கும் முன், நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சி ஒன்றை டாக்டர் நனைத்து ஈரத்துணியின் மேல் வைத்தார். அதில் சிவப்பாக ஒரு வெளிச்சம் விழுந்தது. லேசர் கருவியின் பெடலை மிதித்ததும் அந்த இடம் புள்ளியாகக் கருகி, இழைபோலப் புகை எழுந்தது.

"குறி சரியா இருக்கு. உங்க தொண்டையில இருக்கற புற்று இந்தப் புள்ளி அளவுதான். பயப்படாதீங்க."

கண்விழித்ததும் சைகையிலேயே அந்தக் குச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நான் சொல்ற வரைக்கும் பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசினா இன்னும் கெடுதல். வீட்ல யாரும் பேச்சுக் கொடுக்காம பாத்துக்குங்க."

தலையாட்டினார். வீட்டில் அவர் ஒருவர்தான். ஒழுகும் குழாயைத் திட்டுவதை மட்டும் நிறுத்த வேண்டியிருந்தது.

ஒருநாள் கீழ்வீட்டுப் பெண் கதவைத் தட்டி, "சார், இருக்கீங்களா?" என்றாள். சட்டைப்பையிலிருந்த குச்சியை எடுத்து அவசரமாக மேசையில் தட்டினார். அந்தச் சத்தம் கதவைத் தாண்டவில்லை. எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்குவதற்குள் அவள் படியிறங்கிப் போயிருந்தாள்.

கடைசியாகப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் தொண்டைக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"புற்று சுத்தமா போயிடுச்சு. எங்க, ஏதாவது பேசுங்க, கேப்போம்."

நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டுக் காத்திருந்தார். சேஷையா பையிலிருந்த குச்சியைத் தொட்டுக்கொண்டார்.

"நாளைக்கும் வரட்டுமா, டாக்டர்?"

"இனிமே வரவே வேண்டியதில்லீங்க," என்றார் டாக்டர் சந்தோஷமாக. "குரல் அருமையா இருக்கு."