உப்பு போட்ட நாள்

பரிமளா குழம்பில் உப்பு போட்டாள்.

மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. எவ்வளவு போடுவது என்பதே மறந்துபோயிருந்தது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போட்டாள்.

வெளியே தேவனேரிக் குப்பத்தின் மத்தியான வெயில். உள்ளே கட்டிலில் அவள் புருஷன் நீலமேகம், வீங்கிய கால்களோடு உட்கார்ந்திருந்தான். இரண்டு சிறுநீரகமும் போய், திங்கள், புதன், வெள்ளி என்று செங்கல்பட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறவன். கடலில் இறங்கியே மூன்று வருஷம் ஆகிறது.

அந்த மூன்று வருஷமும் அவனுக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று பார்ப்பதே அவள் வேலையாக இருந்தது.

உப்பு கூடாது. கருவாடு கூடாது. இளநீர் கூடவே கூடாது, இதயம் நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காய்கறியைப் பொடியாக நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் மறுபடி வேகவைக்க வேண்டும். குடிக்க ஒரு நாளைக்கு அரை லிட்டர் பாட்டில். அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு நாள், மணலில் காயப்போட்டிருந்த நெத்திலியில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். பரிமளா ஓடிப்போய் அவன் தாடையைப் பிடித்து, விரலை உள்ளே விட்டுத் தோண்டி எடுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காற்றடித்த நாளிலும் படகைத் தனியாகக் கரைசேர்த்தவன் அன்றைக்கு மணலில் உட்கார்ந்து அழுதான்.

இப்போது அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சுடுசோறு, சங்கரா மீன் குழம்பு, ஓரத்தில் வறுத்த கருவாடு. பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர்.

முதல் வாயிலேயே அவன் கண் மூடிக்கொண்டது.

"உப்பு போட்டுக்கீறியா?"

"போட்டுக்கீறேன். துன்னு."

இரண்டாவது வாய். மூன்றாவது வாய். முழங்கை வரை வழிந்ததைக்கூட அவன் விடவில்லை. பரிமளா சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருவாட்டுக்குக் கை நீட்டியபோதுதான் சொம்பைப் பார்த்தான். விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

கை அப்படியே நின்றது.

"இன்னா இன்னிக்கி விசேசம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்யா."

அந்த 'சும்மாதான்' நீலமேகத்துக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதைச் சொன்னவன் அவன்தான்.

ஈரலில் கட்டி வந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவன் அண்ணனை ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்திருந்தார்கள். அன்றைக்கு இறால் வறுத்து, பிராந்தி ஊற்றி, அண்ணன் முன்னால் கொண்டுபோய் வைத்தான். என்ன விசேஷம் என்று அண்ணனும் கேட்டார். சும்மாதான் என்றான். அண்ணன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்டை வழித்துத் தின்றார்.

நான்காம் நாள் பாடை கட்டினார்கள்.

தெரிந்துதான் தின்றாரா, தெரியாமல் தின்றாரா? அந்தப் பார்வை இத்தனை வருஷமும் அவனை விடவில்லை.

வாயில் இருந்த சோற்றை அவன் விழுங்கவில்லை. மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய்த் துப்பினான். வாய் கொப்பளித்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"இத்த எடுத்துடு. எப்பவும் போடுவியே, அத்தப் போடு."

பரிமளா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சுரைக்காயை எடுத்துப் பொடியாக நறுக்கினாள். வேகவைத்தாள், தண்ணீரைக் கொட்டினாள், மறுபடி வேகவைத்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பசியோடு அவன் காத்திருந்தான்.

சப்பென்று இருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றான். பாட்டிலில் இருந்து இரண்டே மடக்கு குடித்துவிட்டு மூடியை இறுக்கினான்.

"நாளிக்கி புதங்கெயமதான?"

"ஆமா."

"எத்தினி மணிக்கு வண்டி?"

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மா அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டிருந்தார். "மெஷின்ல போடறப்பல்லாம் பிரஷர் இறங்கிடுதும்மா. அவர் இதயம் இனிமே தாங்காது. இங்க அலைய வேணாம். எது பிடிக்குமோ அதைச் செஞ்சு குடுங்க." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து மேஜையில் நர்ஸ் புதன்கிழமைக் காலைக்கு அவன் பெயரை அடித்துவிட்டு வேறொருவர் பெயரை எழுதினார்.

"அஞ்சே முக்காலுக்கு," என்றாள் பரிமளா.

நீலமேகம் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

"எயுப்பி வுடு."

"எயுப்பறேன்."